கொல்லிமலை வீடுகள்: துப்புரவும் பராமரிப்பும் – ஒரு வரலாறு

கொல்லிமலை வீடுகளின் பராமரிப்பு என்பது அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டின் தரை, சுவர், கூரை, தானியக் குதிர் ஆகியவற்றைத் துப்புரவாகவும் பழுதின்றியும் வைத்துக்கொள்ளப் பின்பற்றிவந்த முறைகளையும், காலப்போக்கில் அவற்றில் ஏற்பட்ட மாற்றங்களையும் குறிக்கும். மண், மூங்கில், புல் ஆகியவற்றால் ஆன வீடுகள் ஓட்டு வீடுகளாகவும், பின்னர் சிமெண்ட் வீடுகளாகவும் மாறியபோது பராமரிப்பு வேலை மறைந்துவிடவில்லை. அது செய்யப்படும் காலமும், அதற்குரிய பொருளும், அதைச் செய்யும் கைகளும் மாறின.

இடமும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. மலையின் மேற்பகுதி பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவோர் சோளக்காட்டை அடைகின்றனர். வாழை, பலா, அன்னாசி, மிளகு போன்ற மலை விளைபொருட்கள் விற்கப்படும் சந்தையால் சோளக்காடு அறியப்படுகிறது. மலைப்பொருள் கீழே இறங்குவதும் சமவெளிப் பொருள் மேலே வருவதும் பெரும்பாலும் இந்தச் சாலை வழியாக நடந்தன. சுண்ணாம்பு, ஓடு, தகரம், சிமெண்ட், பெயிண்ட் என வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் உதவும் பொருட்கள் மலைக்கு வந்த கதையும் இச்சாலையோடு சேர்ந்ததே.

மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். பெயரில் உள்ள 'மலையாளி' என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குகிறது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை.

பழைய வீட்டின் அமைப்பு

எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி ஆகியோர் தொகுத்து 1909இல் வெளியான தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற ஏழு தொகுதி நூலில் மலையாளிகளைப் பற்றிய விரிவான பதிவு உள்ளது. மூங்கிலைப் பிளந்து செய்த தட்டிகளால் சுவரும், காட்டுப்புல்லால் கூரையும் அமைந்த வீடுகளை அது குறிப்பிடுகிறது. ஓடு அல்லது செங்கல் பயன்படுத்தினால் தெய்வங்கள் சினங்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்ததையும் பதிவு செய்கிறது. இந்த நம்பிக்கை எதனால் தோன்றியிருந்தாலும், வீட்டின் ஒவ்வொரு உறுப்பையும் சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே புதுப்பிக்க முடிந்தது என்பதே அதன் நடைமுறை விளைவு. சுவர் விரிந்தால் மண் காலடியில் இருந்தது; கூரை ஒழுகினால் புல் காட்டில் இருந்தது.

இத்தகைய வீட்டுக்கு மூன்று பகைகள் இருந்தன. முதலாவது நீர். கொல்லிமலை தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டிலும் நனைகிறது. குளிர்மாதங்களில் மூடுபனியும் உண்டு. இரண்டாவது கரையான். மூங்கிலும் மரமும் மண்ணைத் தொடும் இடங்களில் அது ஏறும். மூன்றாவது எலியும் வண்டும். இவை தானியத்தைத் தேடி வருபவை. பழைய பராமரிப்பு முறைகள் அனைத்தும் இந்த மூன்றையும் எதிர்கொள்ள உருவானவை.

தரையும் சுவரும்

மண் தரையின் பராமரிப்பு மெழுகுதலில் அடங்கியிருந்தது. முதலில் தரையைக் கூட்டி, நீர் தெளித்துத் தூசியை அடக்குவர். புதிய சாணத்தை நீரில் கரைத்து, கல்லும் குச்சியும் நீக்கி, தேவைப்பட்டால் களிமண்ணோ செம்மண்ணோ சேர்ப்பர். உள்சுவரிலிருந்து தொடங்கி, கையை அரைவட்டமாக வீசி, பின்னோக்கி நகர்ந்து வாசலில் முடிப்பர். சாணத்தில் உள்ள செரிக்காத புல்நார் மண்துகள்களைப் பிடித்துக்கொள்வதால் தரை காயும்போது வெடிப்பது குறைகிறது. நடக்கும்போது தூசி எழுவதும் குறைகிறது. ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் ஏடாகப் பெயர்ந்துவிடும். ஆகவே மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுவதே முறை. பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் முன்கூட்டியே மண்ணை நிரப்பி, இடித்து, காயவிட்ட பிறகு மெழுகுவர்.

சாணம் கிருமிகளைக் கொல்லும் என்ற கருத்து பரவலாக இருந்தாலும் அதற்கு மறுபக்கமும் உண்டு. ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கால்நடைச் சாணத்திலும் மண்ணிலும் இருக்கக்கூடியவை. வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் தொப்புள்கொடி வழியாகப் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்நோய் வருவது பெரிய ஆபத்தாக இருந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் பரவிய பின்னர், 2015இல் இந்தியா இந்நோயைப் பொதுச்சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கியதாக ஏற்கப்பட்டது. மெழுகிய தரை தூசியைக் கட்டுப்படுத்தியது; ஆனால் புண்ணுள்ளவரும் பச்சிளங்குழந்தையும் படுக்கும் இடத்துக்கு அது ஏற்றதன்று.

தட்டிச் சுவரின் பூச்சுக்கு மண்ணோடு தாள் கலக்கப்பட்டது. சமவெளியில் நெல் வைக்கோல் செய்த வேலையை மலையில் சாமை, தினை, கேழ்வரகு போன்ற தானியங்களின் தாள் செய்ய முடிந்தது. தாளை நறுக்கி மண்ணோடு மிதித்து ஊறவைத்தால் கலவை இழுவைத்தன்மை பெறும். சுவரின் அடிப்பகுதியே முதலில் கெடும். கூரையிலிருந்து விழும் நீர் தரையில் தெறித்து அதை அரிப்பதே காரணம். எனவே கூரையைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டுவதும், வீட்டைச் சுற்றித் திண்ணை போல மண்ணை உயர்த்துவதும், நீர் ஓட வாய்க்கால் வெட்டுவதும் சுவர்ப் பராமரிப்பின் பகுதிகளாகவே இருந்தன.

கூரையும் அடுப்புப் புகையும்

புல்கூரை மழைக்குமுன் புதுப்பிக்கப்பட வேண்டியது. காட்டுப்புல் முற்றிக் காய்ந்த பின், கோடை மழை தொடங்கும் முன் உள்ள இடைவெளியே அதற்கு ஏற்ற காலம். பழைய புல்லை முழுவதும் பிரிக்காமல், மக்கிய பகுதியை மட்டும் நீக்கி மேலே புதுப்புல் வேய்வதும் உண்டு. கூரை நல்ல சரிவுடன் இருந்தால் நீர் தங்காது. நீர் தங்காத புல் விரைவில் மக்காது.

கூரையின் ஆயுளைக் கூட்டிய மற்றொன்று விறகடுப்பின் புகை. புகை கூரைக்குள் தங்கி வெளியேறும்போது புல்லையும் மூங்கிலையும் உலர்த்துகிறது. அதில் படியும் கரி பூச்சிகளையும் பூஞ்சணத்தையும் தடுக்கிறது. அடுப்பெரியாத வீட்டின் கூரை விரைவில் கெடும் என்பது இதனால்தான். உலகின் வேறு மலைப்பகுதிகளிலும் இதே அறிவு இருந்தது. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஜப்பானின் ஷிரகவா-கோ, கொகயாமா மலைக்கிராமங்களில் வீட்டின் நடுவே எரியும் அடுப்பின் புகையே உயர்ந்த புல்கூரையைக் காத்தது. கூரை மாற்றும் பெருவேலையை ஊரார் கூடிச் செய்து, அந்த உழைப்பை ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுக்கும் முறையும் அங்கு உண்டு.

கூரையைக் காத்த புகை மனிதரின் நுரையீரலைக் காக்கவில்லை. விறகுப் புகை மூச்சுக்குழல் நோய்களுக்கும் கண் எரிச்சலுக்கும் காரணமாவதை மருத்துவம் உறுதிசெய்துள்ளது. அடுப்பருகே நெடுநேரம் இருந்த பெண்களும் குழந்தைகளுமே அதனால் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

குதிரும் தொம்பையும்

தானியச் சேமிப்பைக் காப்பதும் வீட்டுப் பராமரிப்பின் ஒரு பகுதி. மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய குதிர், தொம்பை ஆகியவற்றில் தானியம் சேமிக்கப்பட்டது. தரையின் ஈரம் ஏறாதிருக்கவும் எலி நுழையாதிருக்கவும் இவை உயரத்தில் வைக்கப்பட்டன. அறுவடைக்கு முன் பழைய தானியத்தை எடுத்துவிட்டு, உள்ளே தூசி தட்டி, விரிசலில் மண் பூசி, வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே புதிய தானியம் கொட்டப்படும். நொச்சி, வேம்பு இலைகளைத் தானியத்தோடு சேர்ப்பது தமிழகத்தில் பரவலாக உள்ள முறை. நொச்சி இலையைப் புகைமூட்டிக் கொசுவை விரட்டுவதும் உண்டு.

பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலும், துணி வெளுக்கப் பூந்திக்கொட்டையும் உதவின. இவ்வாறு அடுப்பு, மாடு, வயல், காடு ஆகிய நான்கிலிருந்தும் வீட்டுக்குத் தேவையான துப்புரவுப் பொருட்கள் கிடைத்தன. நான்கில் ஒன்று குறைந்தாலும் பராமரிப்பு தடுமாறும் என்பது பின்னர் தெரியவந்தது.

சுண்ணாம்பு

மண் சுவருக்கு வெள்ளையடிப்பது பொங்கலையொட்டிய வழக்கமாகத் தமிழகமெங்கும் உள்ளது. போகியன்று பழையன கழித்து, சுவருக்கு வெள்ளையடித்து, தரை மெழுகி, வாசலில் கோலமிடுவர். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டுப் பெற்ற சுண்ணாம்பை நீரில் தாளித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டிப் பயன்படுத்துவர். ஒட்டும் தன்மைக்குக் கஞ்சியும், மஞ்சள் நிறம் தெரியாமலிருக்கச் சிறிது நீலமும் சேர்ப்பர். தாளிக்கும்போது நீர் கொதித்துத் தெறிக்கும் என்பதால் குழந்தைகளை அருகில் விடுவதில்லை. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சுண்ணாம்பு கடுங்காரத்தன்மை உடையது; அதில் பூஞ்சணம் எளிதில் வளராது. மேலும் அது சுவரின் ஈரத்தை அடைத்துவைக்காமல் வெளியேற விடுகிறது. மூடுபனியும் மழையும் மிகுந்த மலை வீட்டுக்கு இந்த இரு குணங்களும் பொருத்தமானவை.

மலேரியாத் தடுப்பும் மெழுகிய சுவரும்

கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் காய்ச்சல் நெடுங்காலமாக அஞ்சப்பட்டது. 1953இல் இந்திய அரசு தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும், 1958இல் ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கியது. வீட்டின் உட்சுவர்களில் டி.டி.டி. மருந்தைத் தெளிப்பது அவற்றின் முதன்மை வழி. இரத்தம் குடித்த கொசு சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கும்; சுவரில் படிந்த மருந்து அதைக் கொல்லும்.

இங்கு வீட்டுத் துப்புரவும் பொதுச்சுகாதாரமும் ஒன்றோடொன்று மோதின. மருந்து பல மாதங்கள் வேலை செய்ய வேண்டுமானால் தெளித்த சுவரை மெழுகவோ வெள்ளையடிக்கவோ கூடாது. ஆனால் பண்டிகைக்கும் வீட்டுச் சடங்குக்கும் சுவர் பூசுவதே நல்ல குடும்பத்தின் அடையாளம். புதிய பூச்சு மருந்தை மறைத்துவிடும். தவிர, மண் சுவர் மருந்தைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்வதால் அதன் வீரியமும் விரைவில் குறையும். வீட்டுப் பெண்கள் துப்புரவாகச் செய்த ஒரு வேலை, சுகாதாரப் பணியாளரின் கண்ணுக்குத் தடையாகத் தெரிந்தது. நாட்டின் மண்வீட்டுப் பகுதிகள் பலவற்றில் மலேரியாப் பணியாளர் சந்தித்த சிக்கல் இது. சுவருக்குப் பூச்சு இடும் நாளை மருந்து தெளிக்கும் நாளுக்கு முன் வைத்துக்கொள்வதே இதற்கு எளிய தீர்வாக இருந்தது.

ஓடு, தகரம், சிமெண்ட்

இந்தியாவில் இயந்திரத்தால் செய்த ஓடுகள் 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவின. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் புல்கூரையின் இடத்தை ஓடு பிடித்தது. ஓட்டுக்கூரைக்கு ஆண்டுதோறும் புல் தேவையில்லை. ஆனால் மழைக்குமுன் உடைந்த ஓட்டை மாற்றுவதும், நகர்ந்த ஓட்டைச் சரிசெய்வதும், இடுக்கில் சேர்ந்த இலையை அள்ளுவதும் தேவைப்பட்டன.

அரசின் வீட்டுத் திட்டங்கள் அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. 1985–86இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களையும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளையும் நோக்கியது. 2010இல் தமிழக அரசு கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தையும், 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடுகள் திட்டத்தையும் அறிவித்தது. பசுமை வீட்டில் சூரிய ஒளி மின்விளக்குகளும் இடம்பெற்றன. 2016இல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் வந்தது.

அதே காலத்தில் பழைய பராமரிப்பின் மூலப்பொருட்களும் குறைந்தன. கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்கள் விளைந்த நிலங்களில் மரவள்ளி பெருமளவு பரவியது. சிறுதானியம் குறைந்தபோது பூச்சுக்கான தாளும் குறைந்தது; குதிருக்கு வேலையும் குறைந்தது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் முதல் காட்டுப்பொருள் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மூங்கில் உள்ளிட்ட சிறு வனப்பொருட்கள் மீதான உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றது. 2007இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் வீட்டுப் புகையைக் குறைத்தன. இது உடல்நலத்துக்கு நன்மை. புல்கூரைக்கோ தன் காவலை இழந்த நிலை.

சிமெண்ட் வீட்டின் பராமரிப்பு

சிமெண்ட் வீடு பராமரிப்பு வேண்டாத வீடு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மலையின் ஈரத்தில் அது பொருந்துவதில்லை. அங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை:

• மொட்டைமாடி: இலையும் சருகும் நீர்க்குழாயின் வாயை அடைத்தால் தளத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் நுண்விரிசல் வழியே கம்பியை அடைந்து துருப்பிடிக்கச் செய்யும். துரு ஏறிய கம்பி பருத்து, காரையை உடைத்து விழச்செய்யும். ஒவ்வொரு பருவமழைக்கும் முன் குழாயைத் திறந்து, விரிசலை அடைக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மேல்தளமும் அதன்மேல் தட்டோடும் தளத்தை நெடுநாள் காக்கும்.

• சுவர்: ஈரச்சுவரின்மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, பெயிண்ட் கொப்புளித்து உரியும். முதலில் நீர் வரும் வழியை அடைத்து, சுவரை உலரவிட வேண்டும். பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் காற்றில் பரவும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

• காற்றோட்டம்: தட்டிச் சுவரிலும் புல்கூரையிலும் காற்று தானே புகுந்தது. சிமெண்ட் வீட்டில் சன்னலைத் திறந்தால்தான் புகும். பெட்டியையும் அலமாரியையும் சுவரை ஒட்டி வைக்காமல் சிறிது இடைவெளி விடுவது பூஞ்சணத்தைக் குறைக்கும்.

• கல்நார் கூரைத் தகடு: இதன் நார் நுரையீரலுக்குத் தீங்கானது. இதை அறுப்பது, துளையிடுவது, உலர்வாகத் தேய்ப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

• துப்புரவு மருந்துகள்: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

• சூரிய ஒளித் தகடு: இலையும் தூசியும் படிந்தால் மின்சாரம் குறையும். மென்மையான துணியும் நீரும் போதும்.

பராமரிப்பு யார் கையில்?

பழைய முறையில் தரை, சுவர்ப் பூச்சு, தானியம், பாத்திரம் ஆகியவை பெரும்பாலும் பெண்களின் வேலை. கூரையும் மரவேலையும் ஆண்களுடையவை. தண்ணீர் சுமந்து, சாணம் கரைத்து, குனிந்து மெழுகும் உழைப்புக்கு ஓய்வு கிடையாது. கூலியும் கிடையாது. சிமெண்ட் தரை அந்த முதுகுவலியைக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது. பழைய வீட்டைப் போற்றும் எழுத்துகளில் இந்த உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

ஆனால் மண்வீட்டின் பழுது சிறியதாக இருக்கும்போதே கண்ணில்பட்டது. விரிசலைக் கண்ட கையே மறுநாள் அதைப் பூசியது. சிமெண்ட் வீட்டின் பழுது உள்ளே மறைந்து வளர்கிறது. அது தெரியவரும்போது கொத்தனாரும், அடிவாரத்திலிருந்து ஏற்றிவர வேண்டிய பொருளும், கையில் பணமும் தேவைப்படுகின்றன. மூன்றும் ஒருங்கே கிடைக்காததால் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடுகிறது.

வீடு கட்ட நிதி தரும் திட்டங்கள் நெடுங்காலம் பராமரிப்பைத் தனியாகக் கருதவில்லை. 2024இல் தமிழக அரசு, குடிசைகளுக்குப் பதிலாக வீடு கட்டித்தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தோடு, 2000–01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கவும் தனித் திட்டம் அறிவித்தது. கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் மறுபடி கைவைக்க வேண்டியிருக்கும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

மழைக்குமுன் கூரையைப் பார்ப்பது, பொங்கலுக்குமுன் சுவரைப் பார்ப்பது, அறுவடைக்குமுன் சேமிப்பிடத்தைப் பார்ப்பது என்ற பழைய கால ஒழுங்குக்கு மண்ணும் புல்லும் கட்டாயமில்லை. சிமெண்ட் வீட்டிலும் அதைத் தொடர முடியும். அந்த வேலையை வீட்டிலுள்ள பெண்களின் தோளில் மட்டும் ஏற்றாமல் அனைவரும் பகிர்ந்துகொள்வதே பழைய முறையில் திருத்திக்கொள்ள வேண்டியது.